சுங்காய் வானத்தில் ஓர் ஆகாயக் கப்பல்

ஈப்போவிலிருந்து தெற்கே பழைய பெருஞ்சாலையில் வந்தால், பீடோரைத் தாண்டியதும் சிலிம் ரிவருக்கு முன்னால் வரும் சிற்றூர் சுங்காய். வெளியூர்க்காரர்கள் சுங்கை கிளா வெந்நீர் ஊற்றில் முட்டை அவித்துத் தின்று, காலை நனைத்துவிட்டுப் போவார்கள். நமக்கோ சுங்காய் என்றால் தோட்டம்தான். பால் மரங்கள் நின்ற காடுகளில் இன்று செம்பனை நிற்கிறது. பெரட்டு மணி ஓசையும் இல்லை. பால் கொட்டகையும் இல்லை. ஆனால் அந்தக் காலத்து மனிதர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் மாமா.

சென்ற மாதம் ரயிலில் போய் அவரைப் பார்த்தேன். மாலை நேரம். வாசல் பலகையில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மிக உயரத்தில் ஒரு விமானம் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போயிற்று.

"தம்பி, அது லண்டனுக்கா போகுது?" என்றார்.

"இருக்கலாம் மாமா."

"அது பெரிய கப்பலாம். மக எனக்குத் திருச்சிக்கு டிக்கெட் எடுத்திருக்கா. அது சின்னதாம். அவ்வளவு பெரிய கடலைச் சின்னது தாண்டிருமா?"

மாமாவுக்கு வயது 78. ஐந்து வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை நம்மவரைச் சுமந்தது. பாட்டியைக் கவனிக்க ஊரிலேயே விடப்பட்ட அக்காளை அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. கையில் காசு இருந்தபோது லீவு இல்லை. லீவு கிடைத்தபோது காசு இல்லை. இன்று அக்காளுக்கு 84 வயது, படுத்த படுக்கை. இந்த நேரத்தில் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார் மாமா! மலைபோல இருந்த ரஜூலாவையே கடல் ஆட்டி எடுத்ததாம்.

என் மகன் விமானப் பராமரிப்பு வேலையில் இருக்கிறான். அவனிடம் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டதை மாமாவுக்குச் சொன்னேன்.

"மாமா, காண்டாக் கம்பில் எத்தனை வாளி தூக்குவீங்க?"

"ரெண்டு."

"நிரை பத்து மைல் தூரத்தில் இருந்து, சோறும் தண்ணியும் அதே கம்பில் தூக்கணும்னா?"

"பாலைக் குறைச்சுக்கணும். தோள் தாங்குறது தானே தாங்கும்."

"அதுதான் விமானக் கணக்கு!" என்றேன்.

ஆம், வாசகர்களே. எந்த விமானத்துக்கும் தரையைவிட்டு எழும்ப ஓர் எடை வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள்தான் ஆட்கள், பெட்டிகள், எரிபொருள் எல்லாம் அடங்க வேண்டும். தூரம் கூடினால் எரிபொருள் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் ஆளையோ சரக்கையோ குறைத்தாக வேண்டும். எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும் என்பது இதில் இன்னொரு சங்கடம்.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. 1997 ஏப்ரலில், மலேசிய விமான நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரு போயிங் 777, அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து கிழக்கு நோக்கிப் பறந்து, எங்குமே இறங்காமல் கோலாலம்பூர் வந்தது. அப்போது சிப்பாங் நிலையம் கிடையாது. அது திறக்கப்பட்டது 1998-இல்தான். 777 வந்து இறங்கியது சுபாங்கில். 20,044 கிலோமீட்டர், அதாவது பூமியின் சுற்றளவில் பாதி! 21 மணி 23 நிமிடம் பறந்திருக்கிறது. அன்றைக்கு அது உலக சாதனை, 2005-இல்தான் முறியடிக்கப்பட்டது. மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று தள்ளிவிடட்டும் என்றுதான் கிழக்கு வழியைத் தேர்ந்தார்கள்.

ஆனால் அந்தப் பயணத்தில் வழக்கமான பயணிகள் கூட்டமும் இல்லை, சரக்கும் இல்லை. அதே வகை விமானத்தில் 300 பேரை ஏற்றினால் 13,000 முதல் 14,000 கிலோமீட்டர் வரைதான் கணக்கு. கோலாலம்பூரிலிருந்து லண்டன் ஏறத்தாழ 10,600 கிலோமீட்டர். அதற்கு அது பொருத்தமான விமானமாக இருந்தது.

திருச்சியோ ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர்தான். நான்கு மணி நேரப் பயணம். அந்த வழியில் போகும் ஏர்பஸ் 320, போயிங் 737 போன்றவை 180 பேர் அளவில் ஏற்றுபவை. ஐயாயிரம் கிலோமீட்டர் பறக்கக்கூடியவை. ஆகவே திருச்சி போய்ச் சேர்ந்த பிறகும் கையிருப்பு இருக்கும். அங்கே இறங்க முடியாவிட்டால் வேறொரு நிலையத்துக்குப் போகவும், அங்கே வானில் அரை மணி நேரம் வட்டமிடவும் எரிபொருள் வைத்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும் என்பது விதி.

"பெரியதையே விட்டால் என்ன?" என்று கேட்டார் மாமா. 777-இன் தொட்டி ஏறத்தாழ 171,000 லிட்டர் கொள்ளும். ஏர்பஸ் 320-இன் தொட்டி ஏறத்தாழ 24,000 லிட்டர். அவ்வளவு தொட்டியையும் சிறகையும் சக்கரத்தையும் தாங்கும் கனத்த உடம்பை 180 பேருக்காக நான்கு மணி நேரம் இழுத்துக்கொண்டு போனால், டிக்கெட் விலை நம்மால் தாங்க முடியுமா? கூட்டமும் சரக்கும் நிறைய இருக்கும் ஊருக்குப் பெரியதை விடுவதுண்டு. கனத்த விமானம் எழும்ப நீண்ட ஓடுபாதையும் வேண்டும். சுபாங்கில் 3,780 மீட்டர் உண்டு. திருச்சியில் 2,500 மீட்டருக்கும் சற்றுக் குறைவு.

"நடுக்கடலில் இஞ்சின் நின்னுட்டா?" இதுதான் அவருடைய கடைசிக் கேள்வி. இரண்டு இயந்திரங்களில் ஒன்று நின்றால், மற்றொன்றைக் கொண்டே குறித்த நேரத்துக்குள் ஏதாவதொரு நிலையத்தை எட்டும்படிதான் வழி வகுக்கிறார்கள். மேடான், பண்டா ஆச்சே, போர்ட் பிளேர், கொழும்பு என்று இருபுறமும் நிலையங்கள் உண்டு என்றேன்.

மாமா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பக்கத்து நிரைக்கு லோரி எதுக்கு, கம்பு போதுங்கிறே" என்று சிரித்தார்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெரியவர் இருக்கலாம். கடல் பயம் என்று சொல்லிப் பயணத்தைத் தள்ளிப் போடலாம். கேலி செய்யாமல், அவர் பழகிய வேலையைக் கொண்டே விளக்கிப் பாருங்கள், சட்டென்று புரிந்துகொள்வார்.

மாமா போய்ச் சேர்ந்தார். மறுநாள் திருச்சியிலிருந்து அவர் மகள் தொலைபேசியில் பேசினாள். அக்காள் முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லையாம். அம்மா கூப்பிடும் செல்லப் பெயரைச் சொன்னதும் தம்பியின் கையைப் பிடித்தவர், இரவு முழுவதும் விடவில்லையாம்.