தேறலும் சரக்கும்

சங்க இலக்கியத்தில் மதுவுக்கு எத்தனை பெயர்கள் என்று வகுப்பில் கேட்டால், கள் என்ற ஒன்றோடு மாணவர்கள் நின்றுவிடுவார்கள். நறவு, தேறல், மட்டு, பிழி, தோப்பி என்று நான் அடுக்கத் தொடங்கியதும் கடைசி இருக்கைகளில் சிரிப்பொலி எழும். தெளிந்தது தேறல், நெல்லிலிருந்து வீட்டில் ஆக்கியது தோப்பி. ஒவ்வொன்றுக்கும் ஒரு தன்மை இருந்தது. இன்று இவை அனைத்துக்கும் சேர்த்து நம் தெருக்களில் வழங்கும் சொல் 'சரக்கு'. சரக்கு விற்கும் கடைக்குப் பெயர் 'ஒயின்ஷாப்'. அங்கே போகிறவர்களில் ஒயின் கேட்பவர் அரிது என்பது வேறு செய்தி.

நானும் என் மனைவியும் மாதத்தில் ஒரு வார இறுதியில், இரவு உணவோடு ஆளுக்கு ஒரு குவளை சிவப்பு ஒயின் அருந்துகிறோம். சிதம்பரத்தில் வேலை, கடலூரில் வீடு. ஒயின் மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும்: ஆசிரியர் ஊதியத்துக்குள் அடங்க வேண்டும்; நம் சமையலோடு ஒத்துப்போக வேண்டும்; இந்தக் கடற்கரை வெயிலைத் தாங்க வேண்டும்.

மலிவு என்றதும் எங்கள் ஊரில் எல்லோரும் வடக்கே கைகாட்டுவார்கள். 25 கிலோமீட்டருக்குள் புதுச்சேரி. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது கடலூர் வறண்டது. பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த புதுவை வறளவில்லை. அந்தப் பழைய எல்லை இன்றும் விலைப்பட்டியலில் உயிரோடிருக்கிறது. ஆனால் அங்கே வாங்கிய புட்டியை அனுமதியின்றித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். கள்ளுண்ணாமை அதிகாரத்தை நடத்துகிறவன் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டி நிற்கும் காட்சியை நினைத்துப் பார்த்தேன். புதுவை மலிவு எனக்கு வேண்டாம் என்று முடிவாயிற்று.

அதே சாலையில், அரியாங்குப்பத்துக்கு அருகே அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயினும் எண்ணெயும் வந்த ஆம்போரா சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தர உண்டு மகிழுமாறு பாண்டியனை வாழ்த்துகிறார். அது அரசனின் குடி. இறக்குமதி ஒயினுக்கு இந்தியா நெடுங்காலம் 150 விழுக்காடு சுங்கவரி விதித்துவந்தது. யவனர் தேறல் அரசர்க்கே என்ற நிலை அதனால் மாறாமலே இருந்தது.

ஆகவே உள்நாட்டு ஒயின்தான். கர்நாடகத்தின் நந்தி மலையடிவாரத்தில் குரோவர் நிறுவனம் செய்யும் 'லா ரிசர்வ்', கேபர்னே சாவிஞானும் ஷிராஸும் கலந்தது. மகாராட்டிரத்தின் அக்லுஜில் ஃபிராட்டெல்லி நிறுவனம் சாஞ்சியோவேசே என்ற இத்தாலியத் திராட்சையை வளர்க்கிறது. எங்கள் வீட்டில் நிலைத்தவை இவ்விரண்டும்.

சிவப்பு ஒயினின் 'டானினுக்கு' நாம் கலைச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. அறுசுவையில் ஒன்றான துவர்ப்பு அது. துவர்ப்பு மிகுந்த ஒயின் மிளகாய்க் காரத்தை இன்னும் எரியவைக்கும். மீனோடு சேர்ந்தால் சில சமயம் இரும்பை நக்கிய சுவை தரும். எனவே வஞ்சிரக் குழம்பு வைக்கும் நாளில் புட்டியைத் திறப்பதில்லை. கொழுப்புள்ள ஆட்டுக்கறி மிளகு வறுவல் துவர்ப்பை அடக்கும். அதற்கு லா ரிசர்வ். சிதம்பரம் கொத்சுவின் புளிக்குப் புளிப்புத் தூக்கலான சாஞ்சியோவேசே. புளிப்பு உணவின் முன் புளிப்பில்லாத ஒயின் சப்பென்று ஆகிவிடும். கத்தரிக்காயும் இத்தாலியும் இப்படி உறவாவதைக் கண்டபோது மனைவி, "சம்பந்தம் பேசி முடிச்சாச்சு" என்றாள்.

அடுத்தது வெயில். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பருகுக என்று நூல்கள் சொல்வது ஐரோப்பிய அறையை. ஏறக்குறைய 16 முதல் 18 பாகை. நம் அறையில் அது கஷாயமாகும். அரைமணி நேரத்துக்கு மேலாகவே குளிர்பெட்டியில் வைத்தெடுக்கிறோம். வெயில் படும் தட்டில் நின்ற புட்டியை வாங்குவதில்லை; அண்மை ஆண்டு அச்சிட்டதாகவும், திருகுமூடி உள்ளதாகவும் பார்க்கிறோம். 750 மில்லி லிட்டரில் ஐந்து குவளை. சனி, ஞாயிறு இரவுகளில் நான்கு தீரும். ஐந்தாவது ஆட்டுக்கறிக் குழம்புக்கு. கணக்கு இவ்வளவே.

இன்னொரு கணக்கும் உண்டு. "ஒயின் இதயத்துக்கு நல்லதாமே சார்" என்பார் சக விரிவுரையாளர் ஒருவர். 13 விழுக்காடு சாராயச் சத்துள்ள 150 மில்லி ஒயினும், 42.8 விழுக்காடுள்ள 45 மில்லி பிராந்தியும் உடலுக்கு ஏறத்தாழ ஒன்றே. பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. மருந்தென்று சொல்லி நான் குடிக்கவில்லை. சுவைக்காகக் குடிக்கிறேன், அதற்குரிய விலையை அறிந்தே குடிக்கிறேன்.

இதை எழுதக் கை தயங்கவும் செய்தது. 2024 ஜூனில் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அவர்களில் பலர் கூலித் தொழிலாளர்கள். உழைத்த களைப்புக்கு மலிவாக எது கிடைத்ததோ அதைக் குடித்தவர்கள். 'மலிவு' என்ற அதே சொல்லை நான் ஒரு குவளையின் சுவைக்காகப் பயன்படுத்துகிறேன். இந்தக் கூச்சம் எனக்கு நீங்கவில்லை, நீங்கவும் வேண்டாம்.

ஆனாலும் குடி என்றாலே ஒன்று அழிவு, இல்லையேல் மறைவு என்ற இரண்டே நிலைகளை அறிந்த சமூகமாக நாம் எப்போதும் இருந்ததில்லை. அதியமான் இறந்தபின் ஔவை பாடிய கையறுநிலையில் முதலில் நினைவுகூர்வது கள்ளைத்தான். கள் சிறிதளவே இருந்தால் தனக்கே தந்துவிடுவான் என்கிறாள். மிகுதியாக இருந்தால் தான் பாட, அவனும் உடன் உண்டு மகிழ்வான் என்கிறாள். அங்கே மது இருவர் நடுவே ஒளிவில்லாமல் இருந்தது. குறைவாக இருக்கும்போது அடுத்தவருக்கு என்பதே அதன் அறமாக இருந்தது. சரக்கு என்ற சொல்லுக்குள் அடங்காதது அதுதான்.