வேண்டும்போது எடுத்தலும் முன்னரே வைத்தலும்

நூல் பின்னப்படுமுன்னரே ஆடையின் உரு கணினித் திரையில் பிறந்துவிடுகின்றது. திருப்பூரின் இன்றைய நிலை இதுவே. பனியனில் பதிக்கவேண்டிய பூவும் எழுத்தும் முதலில் வடிவமைப்பு மென்பொருளில் உருப்பெற்று, நிறம் நிறமாகப் பிரிக்கப்பட்டு, பின்னரே அச்சுப் பட்டறைக்குச் செல்கின்றன. ஆகவே, அம்மென்பொருளின் விரைவு கணினித் துறையினர்க்கு மட்டும் உரிய வினா அன்று.

கோப்பைத் திறக்கும்போதே அதிலுள்ள அனைத்தையும் நினைவகத்தில் ஏற்றிவிடுவது ஒரு முறை. கேட்கும்போது கேட்டதை மட்டும் ஏற்றுவது மற்றொரு முறை. பின்னது புதியதன்று. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1962இல் செயற்பாட்டுக்கு வந்த அட்லஸ் கணினி, தரவைப் பக்கம் பக்கமாகப் பகுத்து, வேண்டியபோது மட்டும் உருளைச் சேமிப்பகத்திலிருந்து எடுத்துக்கொண்டது. சிறிய நினைவகத்தில் பெரிய வேலை நிகழ்ந்தது.

ஃபிக்மா என்னும் வடிவமைப்பு மென்பொருளும் 2024இல் கோப்பின் பக்கங்களைத் தேவைக்கேற்ப ஏற்றும் முறைக்கு மாறிற்று. பெரிய கோப்புகள் விரைந்து திறந்தன. ஆனால், ஒரு பக்கத்திலுள்ள மூல உருவைத் திருத்தினால், பிற பக்கங்களிலுள்ள அதன் படிகளும் மாறவேண்டுமே! எப்பக்கம் எதனைச் சார்ந்துள்ளது என்று கணக்கு வைக்கும் சுமை புதிதாய் வந்து சேர்ந்தது. முழுக் கோப்பும் கைக்கெட்டும் என்று நம்பி எழுதப்பட்ட துணைநிரல்களும் திருத்தத்துக்கு உள்ளாயின.

எம் துறையில் பயின்ற மாணவர் ஒருவர் இன்று அச்சு வடிவமைப்பாளராக உள்ளார். படங்களையெல்லாம் கோப்பினுள் பதித்து வைத்திருந்த காலத்தில், அது திறப்பதற்குள் தேநீர் அருந்தி வந்துவிடலாம் என்பார். பின்னர்ப் படங்களை வெளியே வைத்து இணைப்பை மட்டும் கோப்பில் இட்டார். கோப்பு நொடியில் திறந்தது. ஆயினும், பட்டறைக் கணினியில் அதனைத் திறந்த இரவில் படங்கள் அங்கே இல்லை. அவை வந்து சேரும்வரை அச்சு மேசையருகே ஆட்கள் காத்து நின்றனர். தூத்துக்குடியில் கப்பலேறவேண்டிய சரக்கு, காலம் தாழ்ந்து விமானமேற நேர்ந்தால், கூலி கொடுக்கவும் மிஞ்சாது என்பதை இவ்வூரார் நன்கறிவர்.

தமிழ்க் கல்வியும் இவ்விரு முறைகளையும் கண்டதே. திண்ணைப் பள்ளி மாணாக்கர் நிகண்டினை மனப்பாடம் செய்தனர். கற்கும்போது கடுமை, கற்றபின் சொல்லுக்குக் காத்திருத்தல் இல்லை. வீரமாமுனிவரின் சதுரகராதி, 1732இல், அகரவரிசையில் சொற்களை அடுக்கித் தந்தது. வேண்டியதை வேண்டியபோது எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஏட்டைப் புரட்டவேண்டும்.

இரண்டிற்கும் இடைப்பட்ட வழியொன்றைப் பீட்டர் டென்னிங் 1968இல் வகுத்தார். அண்மையில் அடிக்கடி பயன்பட்டவற்றை நினைவகத்தில் நிறுத்துக. ஏனையவை வெளியே இருக்கட்டும் என்பது அதன் சாரம். தையற்காரர் அன்றைய நிறத்து நூற்கண்டுகளைக் கையருகே வைத்து, மற்றவற்றைக் குடோனில் விடுவதும் இதுவே. அவ்வளவும் கையருகே கொள்ளாதபோது கணினி எடுப்பதும் வைப்பதுமாகவே அலைந்து, செய்யவேண்டிய வேலையை மறக்கும்.

காத்திருத்தலை எம்முறையும் முற்றாக அழிப்பதில்லை, இடம் மாற்றுகின்றது. காலையில் ஒருவர் காத்திருப்பதா, நள்ளிரவில் பதின்மர் காத்திருப்பதா என்பதே நாம் தெரிந்தெடுக்கவேண்டியது. மென்பொருளின் விரைவை அளப்போர், திறக்கும் நொடியை மட்டுமன்றி, இறுதியில் அச்சு மேசையருகே நிற்போரின் நேரத்தையும் சேர்த்தே அளத்தல் வேண்டும்.