இது என்ன கத்தி?

என் மேஜை டிராயர்ல ஒரு பொருள் இருக்கு. புதுசா வர்ற ஒவ்வொரு ஹவுஸ் சர்ஜன் பேட்ச்கிட்டயும் அதை எடுத்து வச்சு, "இது என்னனு சொல்லுங்க பாப்போம்" என்று கேட்பேன். இன்னைக்கு உங்க முறை. கொஞ்சம் நீளமான த்ரெட், டீயோட வாங்க.

மடக்கினா உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். மரப்பிடி. ஒரு பக்கம் விரல் நீளத்துக்கு மடக்குக் கத்தி. முனை கூரா இருக்காது, லேசா உருண்டு வளைஞ்சிருக்கும். பிடியோட அடுத்த முனையில வெளுத்துப்போன ஒரு சின்ன நாக்கு, ஐஸ்கிரீம் குச்சியை இழைச்சு மெலிசாக்கின மாதிரி. மொண்ணை. அதை வச்சு வெட்டவும் முடியாது, குத்தவும் முடியாது.

பழக்கத்தி, கவர் பிரிக்கிறது, மீன் செதில் எடுக்கிறதுன்னு பசங்க அடிச்சு விடுவாங்க. பேட்ச்சுக்கு ஒருத்தராவது "சார், பெரியாஸ்டியல் எலிவேட்டர்" என்பார். எலும்பு ஆபரேஷன்ல எலும்பு மேல ஒட்டியிருக்கிற சவ்வைக் கிழியாம நெம்பித் தூக்கற கருவி அது. அப்படிச் சொல்றவரை நான் கிண்டல் பண்றதில்ல. ஏன்னா நானும் அதைத்தான் சொன்னேன்.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்த வருஷம், கேஷுவாலிட்டி நைட் ட்யூட்டி. ஓசூர் பக்கம் ஒரு நர்சரியில வேலை பார்க்கிற அண்ணன் ஒருத்தர், அம்பது வயசு இருக்கும், இடது கையில துண்டைச் சுத்திக்கிட்டு வந்தார். கட்டைவிரல் அடிப்பக்கம், ஆள்காட்டி விரலைப் பார்த்த ஓரத்துல ரெண்டு சென்டிமீட்டர் வெட்டு. கூட வந்த பையன் வெட்டின கத்தியையும் கொண்டுவந்து மேஜையில வச்சான். அந்த வெள்ளை நாக்கைப் பார்த்துட்டு, "என்னண்ணா, எங்க தியேட்டர்ல இருந்து சுட்டுட்டீங்களா?" என்றேன். அவர் வலியிலயும் சிரிச்சு, "ரோசாவுக்கு சார்" என்றார்.

நானும் சிரிச்சுட்டு, அதோட விட்டுட்டேன்.

மரத்துப்போற ஊசி போட்டு, காயத்தைக் கழுவி, மூணு தையல். விரலை மடக்கச் சொன்னேன், மடக்கினார். நீட்டினார். தசைநார் சரியா இருக்குன்னு எழுதினேன். தடுப்பூசி, மாத்திரை, அடுத்த ஆள்.

என்ன விட்டேன்னு எங்க ஆட்கள் இந்நேரம் பிடிச்சிருப்பாங்க. மத்தவங்களுக்குச் சொல்றேன். ஒவ்வொரு விரல்லயும் உள்ளங்கைப் பக்கமா, ரெண்டு ஓரத்துலயும் ஆளுக்கொரு நரம்பு ஓடுது. நூடுல்ஸ் இழை அளவுதான். விரல் நுனியில நீங்க உணர்ற எல்லாமே பெரும்பாலும் அது வழியாத்தான் போகுது. அது அறுந்தாலும் விரல் நல்லா மடங்கும், நல்லா நீட்டும். தொட்டுப் பார்த்து, "இந்தப் பக்கம் தெரியுதா, அந்தப் பக்கம் தெரியுதா"ன்னு கேட்டாத்தான் கண்டுபிடிக்க முடியும். அதை ஊசி போடறதுக்கு முன்னாடி கேட்கணும். நான் முதல்ல ஊசியைப் போட்டேன். அப்புறம் கேட்டு என்ன பிரயோஜனம்? நான் அப்பவும் கேட்கலைங்கிறது வேற விஷயம்.

ஆறு வாரம் கழிச்சு அண்ணன் ஓபிக்கு வந்தார். தழும்பு அழகா ஆறியிருந்தது. "புண்ணு போயிருச்சு சார். ஆனா விரலு என்னுது மாதிரி இல்ல."

என்னனு புரியாம முழிச்சேன். அவர் வெளியே போய், வாசல் தொட்டியில இருந்த ரோஜாவுல ஒரு குச்சியை ஒடிச்சுட்டு வந்தார் (அந்தத் தொட்டிக்குப் பொறுப்பான சிஸ்டர்கிட்ட அப்புறம் வாங்கிக் கட்டிக்கிட்டது நான்). பையில இருந்து அதே கத்தி வெளியே வந்தது. அந்தக் கத்தி என்னங்கிறதை அன்னைக்குத்தான் பார்த்தேன்.

ரோஜாவுல நல்ல பூ கொடுக்கிற ரகத்தைத் தனியா நட மாட்டாங்க, வலுவான காட்டு ரோஜா வேர்ல ஒட்டுவாங்க. நல்ல ரகத்தோட குச்சியில இலைக்காம்பு சேர்ற இடத்துல ஒரு மொட்டு இருக்கும், அவங்க அதைக் கண்ணு என்பாங்க. இலையைக் கிள்ளிட்டு காம்பை மட்டும் விட்டு, அந்தக் கண்ணைப் பட்டையோட ஒரு கேடயம் மாதிரி சீவி எடுக்கணும். அதுக்குத்தான் கத்தி. அப்புறம் வேர்ச்செடித் தண்டுல ஆங்கில 'டி' எழுத்து மாதிரி கீறி, ரெண்டு பக்கப் பட்டையையும் கதவு திறக்கிற மாதிரி தூக்கணும். அதுக்குத்தான் அந்த மொண்ணை நாக்கு. கூரா இருந்தா பட்டைக்கு அடியில இருக்கிற ஈரமான வளர்படலம் கிழிஞ்சிடும், ஒட்டு பிடிக்காது. எலும்புச் சவ்வைத் தூக்கற எங்க கருவிக்கு என்ன வேலையோ, கிட்டத்தட்ட அதே வேலை. நான் தப்பா சொன்னாலும் பக்கத்துல வந்துட்டேன்னு இன்னும் எனக்கு ஒரு அல்ப திருப்தி.

கடைசியா, கண்ணை அந்தக் காம்பால பிடிச்சு பட்டைக்குள்ள நுழைச்சு, கண்ணு மட்டும் வெளியே தெரியற மாதிரி பாலிதீன் நாடாவால கட்டணும். இந்த வேலை முழுக்க இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். அவர் மூணு தடவை கண்ணை எடுத்தார். மூணு தடவையும் விரல் நடுவுல இருந்து நழுவிக் கீழே விழுந்தது. "கீழ விழுந்தப்புறம்தான் சார் கையில இல்லேன்னே தெரியுது."

அப்பத்தான் விரலைத் தொட்டேன். அந்த ஓரம் மட்டும் வழவழன்னு காய்ஞ்சு கிடந்தது. நரம்பு செத்த தோல் வியர்க்காது. பால்பாயிண்ட் பேனாவை வச்சு இழுத்தா மத்த இடத்துல லேசா ஒட்டி ஒட்டி வரும், அங்க வழுக்கிட்டுப் போச்சு. தண்ணியில ஊறினா நம்ம விரல் சுருங்குதுல்ல? நரம்பு அறுந்த பக்கம் சுருங்காது. அரை மணி நேரம் ஊற வச்சுப் பார்த்தேன். பாதி விரல் முதியவர் மாதிரி, பாதி விரல் குழந்தை மாதிரி.

அவர்கிட்ட நடந்ததைச் சொன்னேன். "அன்னைக்கே நான் பார்த்திருக்கணும்ணா, பார்க்கல." அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "நானும்தானே சொல்லல" என்றார். அது என் தப்பு, அவரோடது இல்ல. ஆனா அதை அவர் அப்படி எடுத்துக்கிட்டது எனக்கு இன்னும் உறுத்துது.

இந்த இடத்துல உங்களுக்கு ஒண்ணு. வீட்லயோ தோட்டத்துலயோ விரல் வெட்டுப்பட்டா, சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சுட்டு, நுனியோட ரெண்டு ஓரத்தையும் தொட்டுப் பாருங்க. ஒரு பக்கம் மந்தமா இருந்தா டாக்டர் ஊசியை எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லுங்க. காபித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். எதால வெட்டுச்சோ அதைக் கொண்டுவாங்க, இல்லேன்னா போட்டோ எடுத்துட்டு வாங்க. அதை வச்சு உங்க கை என்ன வேலை செய்யும்னும் சொல்லிடுங்க. மண்ணுல புழங்கற காயம்னா, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருஷம் தாண்டியிருந்தா இன்னொண்ணு போட்டுக்கணும்.

கை அறுவை சிகிச்சை நிபுணர்கிட்ட அனுப்பினேன். உடனே வந்திருந்தா ரெண்டு முனையையும் நேரா சேர்த்துத் தைச்சிருக்கலாம். ஆறு வாரத்துல முனைகள் சுருங்கி விலகிப்போச்சு. முன்கையில இருந்து, இல்லாட்டியும் சமாளிக்கக்கூடிய ஒரு சின்ன நரம்பை எடுத்து நடுவுல வைக்கணும்னார். அதை எப்படி விளக்குறதுன்னு நான் யோசிக்கறதுக்குள்ள அண்ணனே, "ஒட்டா சார்?" என்றார். "தாய்ச்செடியும் நானு, வேர்ச்செடியும் நானா?"

ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ரோஜா கண்ணு மூணு வாரத்துல பிடிச்சதா இல்லையான்னு தெரிஞ்சிடுமாம். விட்டு வச்ச காம்பை விரலால தொட்டா, சுலபமா உதிர்ந்தா உயிர் இருக்கு. காய்ஞ்சு ஒட்டிக்கிட்டே நின்னா போச்சு. "இதுக்கு அப்படி ஏதாவது உண்டா?"

உண்டு. நரம்பு தோராயமா ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் வளரும். தழும்புல இருந்து நுனியைப் பார்த்து விரலால தட்டிக்கிட்டே வந்தா, வளர்ந்து வந்திருக்கிற இடத்துல ஷாக் அடிச்ச மாதிரி சுருக்குனு இருக்கும். மாசா மாசம் அந்த இடம் முன்னால நகரணும். டினெல்னு ஒருத்தர் பேர்ல இருக்கிற பரிசோதனை. சொல்லிக் கொடுத்தேன்.

அதுக்கப்புறம் வந்தப்பல்லாம் தழும்புக்கு மேல பேனாவால ஒரு கோடு போட்டுட்டு வருவார். "இங்க வந்திருக்கு சார்." ஒரு தடவை நான் தட்டிப் பார்த்தப்போ அவர் கோட்டுக்கும் என் கணக்குக்கும் நெல்லளவுகூட வித்தியாசம் இல்ல.

முழுசா திரும்பல. நுனியில கொஞ்சம் மந்தம் இருக்கு, குளிர் காலத்துல வலிக்குது. முன்னாடி கட்டின எண்ணிக்கையில பாதிதான் ஒரு நாளைக்குக் கட்ட முடியுதுன்னார். கூலி கண்ணு எண்ணிக்கைக்குத்தான். அவர் மனைவியும் கத்தி பிடிக்கக் கத்துக்கிட்டாங்க.

கடைசியா வந்த அன்னைக்கு இந்தக் கத்தியை மேஜையில வச்சார். நாக்கு முனை ஒடிஞ்சுபோச்சு, புதுசு வாங்கிட்டேன், இதை நீங்க வச்சுக்கங்கன்னார். எதுக்குண்ணா எனக்குன்னேன்.

"அடுத்தவன் எவனாச்சும் கொண்டாந்தா, தியேட்டர்ல திருடுனதுன்னு சொல்லாம இருப்பீங்கல்ல?"