மிஞ்சிய வர்ணம்

ஐப்பசி நெருங்கிவிட்டால் மலைநாட்டிலே வீடு வெளுக்கும் காலம் வந்துவிட்டதென்று பொருள். முன்னாளில் அவ்வேலை வெகு சுலபமானது. சுண்ணாம்பைக் கரைத்து லயத்தின் சுவர் நெடுகிலும் ஒரே வெள்ளையாக அடித்துவிட்டுப் போவார்கள். எந்தக் காம்பராவுக்கு எந்த நிறம் என்ற கேள்வியே எழாது. மிஞ்சிய சுண்ணாம்பைப் பற்றியும் எவருக்கும் கவலையில்லை. நீருக்குள் மூழ்கியிருக்கும் வரையில் அது கெடாது. நாள்படப் பதமாகவும் ஆகும்.

இன்று நிலைமை வேறு. ஏழு பேர்ச் காணியில் தனித்தனி வீடுகள் எழுந்திருக்கின்றன. இந்திய உதவியுடன் கட்டப்பட்டவை அவற்றுள் சில. 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் தருவதாக அறிவித்ததை நேயர்கள் அறிவார்கள். லயத்திலே நான்கு தலைமுறை வாழ்ந்த குடும்பம் தன் சுவருக்குத் தானே ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுப்பது சிறிய காரியமன்று.

எங்கள் கல்லூரி மாணவன் ஒருவனுடைய தந்தை அவ்வாறு தேர்ந்தெடுத்தது இளநீலம். கடைக்காரர் இயந்திரத்தில் கலந்து கொடுத்த வர்ணத்தில் கால்வாசி மிஞ்சிற்று. பனிமூட்டத்தின் ஈரத்தால் மறுவருடமே முன்சுவரில் ஓரிடம் உரிந்தது. பேணியைத் தேடி எடுத்தபோது மூடி துருவேறி இறுகியிருந்தது. கத்தியை நுழைத்து ஒரே பக்கமாக நெம்பினார்கள்; விளிம்பு கோணியது, துரு உள்ளே கொட்டியது, வர்ணமோ கட்டியாகிக் கிடந்தது. குறியீட்டு எண்ணும் அழிந்துபோனதால் மறுபடி வாங்கிய நீலம் பழைய நீலமாக அமையவில்லை. அந்தச் சுவரிலே இன்றும் தலையணை அளவில் ஒரு திட்டுத் தெரிகிறது. வருகிறவர்களிடமெல்லாம் அப்பெரியவர் தாமாகவே அதைக் காட்டி விளக்கம் சொல்கிறார், கேட்பதற்குச் சங்கடமாயிருக்கிறது. 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்ததிலிருந்து மறுபடி முழுச்சுவருக்கும் வர்ணம் வாங்குவதென்பது தோட்டக் குடும்பங்களுக்கு இலகுவான காரியமுமன்று.

வர்ணம் ஏன் கட்டியாகிறது? தேயிலைத் தொழிற்சாலையைக் கண்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. உருட்டிய கொழுந்தைப் பரப்பிவைத்தால் பச்சை மாறிச் செம்புநிறமாவது காற்றிலுள்ள ஒட்சிசனின் வேலை. கதவுக்கும் ஜன்னலுக்கும் பூசுகின்ற எனாமல் வர்ணம் வெறுமனே உலர்வதில்லை. அதிலுள்ள எண்ணெய்ப் பொருள் அதே ஒட்சிசனை ஏற்று இறுகுகிறது. சுவரில் நடக்கவேண்டிய அந்த வேலை பேணிக்குள்ளேயே நடந்துவிட்டால் மேலே ஆடை படிகிறது. பக்குவமான தேயிலையை முன்னாளில் ஈயத்தாளும் பின்னர் அலுமினியத்தாளும் ஒட்டிய பெட்டியில் அடைத்தவர்கள் நாம். காற்றையும் ஈரத்தையும் தடுப்பது எப்படியென்று நமக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. சுவருக்குரிய எமல்ஷன் நீர் வற்றித் தடிக்கும், நாற்றமும் பிடிக்கும். உறைந்துவிட்டாலோ திரிந்த பால்தான். தை மாசியில் உறைபனி விழுகின்ற நுவரெலியாப் பக்கத்தார் அதை வெளிக்கொட்டிலில் வைக்கலாகாது.

மீண்டும் மூடத்தக்க வர்ணப் பேணிக்கு அமெரிக்காவில் 1877இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார்கள். அதன் சூட்சுமம் முழுவதும் விளிம்பைச் சுற்றியுள்ள பள்ளத்திலேதான். விளிம்பு கோணினால் பிறகு எந்தச் சுத்தியலாலும் பயனில்லை. ஆகையால் முதலில் மூடியின் மேலுள்ள தூசியைத் துடைத்துவிட வேண்டும். காய்ந்த வர்ணம் ஒட்டியிருந்தால் மெல்லிய அலகால் பள்ளத்தைச் சுற்றி அறுத்துவிட வேண்டும். அப்புறம் கனமான கரண்டிக் காம்பு போன்ற தட்டையான ஒன்றைக் கொடுத்து, ஓரிடத்தில் மயிரிழையளவு தூக்கி, இரண்டு அங்குலம் தள்ளி மறுபடி தூக்கி, இப்படியே இரண்டு சுற்று வந்தால் மூடி தானே விடுபடும். எனாமல் பேணி இறுகிவிட்டதென்று அடுப்பில் காட்டுவோர் உண்டு. லயத்தில் ஒரு காம்பராவில் பற்றிய நெருப்பு வரிசை முழுவதையும் கொண்டுபோன செய்திகளைப் பத்திரிகையில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! டர்பன்டைன் போத்தலையும் அடுப்பங்கரையில் வைக்கக்கூடாது.

திறந்தவுடன் பள்ளத்தில் ஆணியால் நாலைந்து துளை இட்டுவிட்டால், வழிகின்ற வர்ணம் உள்ளேயே இறங்கிவிடும். மூடும்போது பள்ளத்தைத் துடைத்து, மூடியின்மேல் ஒரு பலகைத் துண்டை வைத்துத் தட்டவேண்டும். நேரே மூடியில் தட்டினால் நடு குழிந்து ஓரம் கிளம்பும். அரைப் பேணிக்குக் குறைவாக மிஞ்சினால் சிறிய ஜாம் போத்தலில் கழுத்துவரை நிரப்பி வைப்பது உத்தமம், ஏனெனில் உள்ளே காற்றுக்கு இடமிராது. சோடாப் போத்தலில் மட்டும் ஊற்றவே கூடாது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அதைவிட ஆபத்தான காரியம் வேறில்லை. சிமெந்துத் தரையின் ஈரம் அடித்தகட்டைத் தின்றுவிடுமாதலால் பேணியைப் பலகைமேல் வைத்து, நிறத்தின் பெயர், எண், எந்த அறைக்கு, எந்தத் தேதி என்பவற்றை மூடியில் எழுதிவிட வேண்டும். கையெழுத்து அழகான பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம்.

மறுமுறை திறக்கையில் ஆடை படிந்திருந்தால் கலக்கிவிடாமல், ஓரத்தை அறுத்து முழுதாக எடுத்துவிட்டு, மெல்லிய துணியில் வடித்துக்கொள்ளலாம். மிகப் பழைய பேணிகளைப் பற்றி ஒரு வார்த்தை: வர்ணத்தில் ஈயத்துக்குச் சட்ட வரம்பு இலங்கையில் 2013 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்டதைத் தொட்டிலுக்கும் பிள்ளைகள் கைபடும் ஜன்னல் கம்பிக்கும் பூசவேண்டாம்.

பயன்படாதென்று தெரிந்த வர்ணத்தை ஓடையில் ஊற்றுகிறார்கள். ஹட்டன் பகுதி ஓடைகள் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களுக்குப் போய், களனி கங்கையாகிக் கொழும்பு மக்களின் குடிநீராகின்றன. நமது பீலிகளுக்கும் தண்ணீர் அந்த மலைகளிலிருந்தே வருகிறது. மரத்தூளை எமல்ஷன் பேணியில் கொட்டிக் கிளறித் திறந்தபடி நாலு நாள் வெளியே வைத்தால் போதும். இறுகிய பிறகு குப்பையோடு சேர்த்துவிடலாம்.