தட்டிப் பார்த்த கை

நண்பனின் தந்தையார் முப்பது ஆண்டுகள் வாடகைக்கு ஓட்டிய அம்பாசடர் கார், கும்மிடிப்பூண்டியில் அவர்கள் வீட்டுக் கொட்டகையில் தூசு படிந்து நின்றது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழித்தோன்றல் அது. அதனைப் படைத்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1998இல் நம் திருவள்ளூரிலும் ஓர் ஆலை கண்டு, மிட்சுபிஷி லான்சர் கார்களை உருவாக்கியது. கல்கத்தாவை அடுத்த உத்தரப்பாராவில் அம்பாசடரின் உற்பத்தியோ 2014இல் நின்றுபோயிற்று. இனி இருப்பதைக் காப்பதே வழி.

பெரியவருக்குக் கண்ணொளி மங்கிவந்தது. அது முற்றும் மறையுமுன் வண்டியைப் புதுக்கிக் காட்டிவிட நண்பர்கள் மூவரும் உறுதி பூண்டோம். சிப்காட்டில் ஷிப்டு முடிந்த மாலைகளே எங்கள் பணிநேரம்.

டிங்கரிங் வேலையில் தேர்ந்த பாய் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் திருப்புளியால் பின்கதவின் அடியைக் குத்தினார். தகடு அப்பளமாய் நொறுங்கியது. "தம்பி, துருவை வெட்டியெடுத்துப் புதுத்தகடு வைத்துப் பற்றவையுங்கள். பட்டி பள்ளத்தை நிரப்பத்தான், ஓட்டையை மூட அல்ல" என்றார்.

நாங்கள் கேட்டோமில்லை. பெரியவரின் பார்வை நமக்காகக் காத்திராது என்று காரணம் கற்பித்துக்கொண்டு, துருவின்மேலேயே பட்டியைக் கனமாய் அப்பினோம், தேய்த்தோம், சாம்பல்நிறப் பிரைமர் அடித்தோம். கண்ணுக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

பெரியவர் வந்தார். உற்றுப் பார்க்க முயலவில்லை. விரல்முட்டியால் தட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி நடந்தார். முன்கதவு 'டங்' என்று ஒலித்தது. பின்கதவின் அடி 'தொம்' என்றது. நின்றார்.

"இங்கே என் வண்டி இல்லையேப்பா" என்றார்.

மகன் தலைகுனிந்தான். மறுநாளே அனைத்தையும் சுரண்டினோம். பட்டி ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக்காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்தால், உள்ளிருக்கும் துரு கொப்புளமாய் வெடித்து வெளிவந்தே தீரும். எனவே அழுகிய தகட்டை வெட்டினோம்; புதுத்தகட்டைப் பற்றவைத்தோம்; வெற்றுத் தகட்டின்மேல் எபாக்சி பிரைமர் அடித்தோம். பட்டியை மெலிதாக இழுத்து, 80, 220 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்தோம். மீண்டும் பிரைமர். அதன்மேல் கறுப்பு வண்ணத்தைப் பனிபோலத் தூவி, 400 எண் தாளால் நீர்விட்டுத் தேய்த்தோம். கறுப்பு எங்கே எஞ்சுகிறதோ, அங்கே பள்ளம் உண்டு. குறையை மறைக்கப் பூசிய கைகள், குறையைக் காட்டவும் பூசக் கற்றன.

மூன்று திங்கள் கழிந்தன. பெரியவரின் பார்வை மேலும் மங்கியிருந்தது. நான்கு கதவுகளையும் தட்டிப் பார்த்தார். ஒன்றும் கூறாமல் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஸ்டியரிங்கைப் பற்றிக்கொண்டார்.

"இன்னும் வண்ணம் அடிக்கவில்லை ஐயா" என்றோம்.

"அது உங்கள் கண்ணுக்கு. எனக்கு இது போதும்" என்றார்.

மாணவத் தம்பியரே, நம் வேலையைக் கண்ணால் பார்ப்போர் பலர்; தட்டிப் பார்ப்போர் ஒருசிலரே. அந்த ஒருசிலருக்காக உழைக்கப் பழகுங்கள்.