நார்னியா: சிங்கம் அதே, குரல் மாறியது

சுவீடனின் யோன்ஷோப்பிங் நகரில் 1996இல் உருவான கிறிஸ்தவ மெலடிக் மெட்டல் குழு நார்னியா. கிதார் கலைஞர் கார்ல் யோஹான் கிரிம்மார்க்கும் பாடகர் கிறிஸ்டியன் லில்யெகிரெனும் அதன் இரு தூண்கள். பெயர் சி. எஸ். லூயிஸின் நாவல் வரிசையிலிருந்து வந்தது. ஆல்பம் அட்டைகளில் வரும் சிங்கமும் அங்கிருந்து வந்ததுதான்.

முதல் ஆல்பமான 'அவேக்கனிங்'கில் கிதார் கலைஞர் இங்வே மால்ம்ஸ்டீனின் நிழல் வெளிப்படையாகவே விழுந்திருக்கிறது: மேற்கத்தியச் செவ்வியல் இசையின் சுரவரிசைகளில் மின்னலாய் ஓடும் கிதார், அதைத் துரத்தும் கீபோர்டு, மேலே உயர்ந்த குரல். 'லாங் லிவ் த கிங்' (1999), 'டெசர்ட் லேண்ட்' (2001) இரண்டும் இதே பாதைதான். மெட்டு மட்டும் இன்னும் பளிச்சென்று மனதில் ஒட்டுகிறது.

உண்மையான திருப்பம் 2003இல் வந்த 'த கிரேட் ஃபால்'. கிதார் கனத்தது, ஒலியில் இருள் கூடியது, பாடல் அமைப்பு புரோகிரசிவ் மெட்டல் பக்கம் சாய்ந்தது. மனிதனின் வீழ்ச்சியைப் பேசும் கடைசிப் பாடல் பத்து நிமிடங்களைத் தாண்டுகிறது. விரல் வேகத்தைக் காட்டும் ஆசை இங்கே அடங்கி, பாடலுக்கு இடம் கிடைக்கிறது. 'என்டர் த கேட்' (2006) அந்தக் கனத்தையும் பழைய மெட்டையும் சேர்த்துப் பார்த்தது.

பிறகு லில்யெகிரென் விலகினார். ஹெர்மான் பாஸ்குவால் பாடிய 'கோர்ஸ் ஆஃப் எ ஜெனரேஷன்' (2009) குழுவின் மிக நவீனமான, முரட்டு ஒலி. அடுத்த ஆண்டே குழு கலைந்தது. குழு மீண்டும் கூடி, லில்யெகிரென் திரும்பிய பின், குழுவின் பெயரையே தாங்கி 2016இல் வந்த ஆல்பம் பழைய மெட்டுக்கு மீண்டது, முன்பிருந்த அவசரம் இல்லாமல்.