அரைப் புள்ளி

புத்தளம் மாவட்டத்தின் கடலோரத்தில், ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் முந்தல் ஏரியும் நெருக்க, இடையே நீண்டு கிடக்கும் மணற்பரப்பில் உடப்பு என்னும் ஊர் அமைந்துள்ளது. திரௌபதி அம்மன் கோயிலின் தீமிதிப்பும், கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களும் அவ்வூரின் பெயரைப் பிற இடங்களுக்கு எடுத்துச் சென்றவை. கோல்ப் என்னும் ஆட்டத்துக்கும் அவ்வூருக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. எனினும், அவ்வாட்டம் வளர்ந்த ஸ்கொத்லாந்துக் கரையோர நிலத்தைப் பற்றிப் படிக்கும்போது, உடப்பிலிருந்து கற்பிட்டி நோக்கி நடந்து பழகியவர்களுக்கு அது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையே பயிருக்கு உதவாத மணல்மேடு, ஆங்காங்கே குட்டைப் புல், ஓயாத காற்று. அங்குள்ளோர் அம்மணலிற் குழி அமைத்துப் பந்தை அடித்தனர். இங்குள்ளோர் இம்மணலிற் கால் புதைத்துக் கயிற்றை இழுத்தனர்.

அவ்வூரிலிருந்து பேராதனைக்குக் கற்கச் சென்ற மாணவன் ஒருவன், 2025 செப்ரெம்பர் இறுதியில் றைடர் கிண்ணப் போட்டியின் முடிவைக் குறித்து விடுதியறையில் நள்ளிரவுவரை வாதிட்டான். அவனுடைய அறைத்தோழன் நுவரெலியாவைச் சேர்ந்தவன். தோழனின் தந்தை அந்நகரின் கோல்ப் திடலில் ஆட்டக்காரரின் பையைச் சுமந்து நடக்கும் தொழிலில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர். எந்த முடிவுப் பட்டியலிலும் பெயர் இடம்பெறாத அம்மனிதரிடமிருந்தே மகன் ஆட்டத்தின் நுணுக்கங்களைக் கற்றான். மகனிடமிருந்து உடப்பு மாணவன் கற்றான்.

கோல்ப் ஆட்டத்தைப் போலத் தனிமை மிக்க விளையாட்டுகள் சிலவே. பந்தை எதிரி திருப்பி அடிப்பதில்லை. தோழன் தாங்கிப் பிடிப்பதுமில்லை. பிழைத்தால் பழிக்க வேறொருவர் இல்லை. இத்தகைய தனியாட்டத்தை நாடுகளுக்கிடையிலான குழுவாட்டமாக மாற்றும் முயற்சிகளுட் புகழ் பெற்றது, சிறு பொதிகளில் விதை விற்றுப் பொருள் ஈட்டிய சாமுவேல் றைடர் என்னும் ஆங்கிலேய வணிகரின் பெயரால் வழங்கும் கிண்ணமாகும். 1927இல் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே தொடங்கிய இப்போட்டியில், 1979 முதல் ஐரோப்பாக் கண்டத்து வீரரும் பிரித்தானியருடன் சேர்ந்து ஆடி வருகின்றனர். இன்றைய அமைப்பில் அணிக்குப் பன்னிருவர், மூன்று நாள்கள், 28 ஆட்டங்கள். முதலிரு நாள்களும் இருவர் இருவராக ஆடுவர். அவற்றுள் ஒருவகை ஆட்டத்தில் இருவருக்கும் பந்து ஒன்றே; ஒருவர் அடித்த இடத்திலிருந்து மற்றவர் அடிக்க வேண்டும். இறுதி நாளில் பன்னிருவரும் தனித்தனியே எதிரியைச் சந்திப்பர். வென்றால் ஒரு புள்ளி. சமநிலையாயின் ஆளுக்கு அரைப் புள்ளி. கிண்ணத்தை ஏற்கெனவே வைத்திருப்போர்க்கு 14 புள்ளிகள் போதும். பறிக்க வருவோர்க்கு 14½ வேண்டும். ஆகவே, இப்போட்டியின் வரலாற்றைப் பல வேளைகளில் எழுதியது முழுப் புள்ளியன்று, அரைப் புள்ளியே.

1969இல் இங்கிலாந்தின் கடலோர மணல்மேடுகளில் அமைந்த றோயல் பேர்க்டேல் திடலில் இது நிகழ்ந்தது. இறுதி ஆட்டத்தின் இறுதிக் குழியில் அமெரிக்கரான ஜக் நிக்லஸும் ஆங்கிலேயரான ரொனி ஜக்லினும் சமமாக நின்றனர். நிக்லஸ் தம் பந்தைக் குழியில் இட்டார். ஜக்லினின் பந்து குழிக்கு ஏறத்தாழ இரண்டடித் தொலைவில் இருந்தது. அவர் அதை அடிக்கும் முன்னரே, அடித்ததாகக் கொள்வோம் என நிக்லஸ் விட்டுக்கொடுத்தார். முடிவு 16–16. முன்னைய வெற்றியாளர் என்ற முறையில் கிண்ணம் அமெரிக்காவிடமே இருந்தது. எனினும், அணித்தலைவர் சாம் ஸ்னீட் அச்செயலை விரும்பவில்லை. தனக்குரியதை விட்டுக்கொடுக்கலாம், அணிக்குரியதை விட்டுக்கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டா? இவ்வினா இன்றும் ஓயவில்லை.

மாணவர் இருவரும் வாதிட்டது இதனைப் பற்றியன்று. 2025இல் நியூயோர்க்கின் பெத்பேஜ் திடலில் ஐரோப்பா 15–13 என்ற கணக்கில் வென்றது. முதலிரு நாள்களின் முடிவில் 11½–4½ என முன்னின்ற ஐரோப்பா, இறுதி நாளில் தடுமாறியது. அன்றைய கணக்கில் அமெரிக்கா 8½–3½ எனத் தாக்கியது. இறுதிக் குழியில் ஷேன் லோறி பெற்ற அரைப் புள்ளியே ஐரோப்பாவை 14க்குக் கொண்டுசென்றது. அந்நாளின் மற்றோர் அரைப் புள்ளி ஆடாமலே கிடைத்தது. ஐரோப்பிய வீரர் விக்டர் ஹொவ்லண்ட் கழுத்து நோவால் இறங்கவில்லை. இத்தகைய நிலைக்கென விதி ஒன்றுண்டு. இறுதி நாளுக்கு முன் ஒவ்வொரு தலைவரும் தம் வீரர் ஒருவரின் பெயரை எழுதி உறையிலிட்டு ஒப்படைக்க வேண்டும். எதிரணியில் ஒருவர் காயத்தால் விலகினால், உறை பிரிக்கப்படும். பெயர் கண்டவர் உடல்நலத்தோடு இருந்தும் ஆடாது ஒதுங்குவார். இரு அணிகளுக்கும் அரை அரையாகப் புள்ளி வழங்கப்படும். அமெரிக்க உறையில் இருந்த பெயர் ஹரிஸ் இங்கிலிஷ். விதி மாற வேண்டுமென அமெரிக்கத் தலைவர் கீகன் பிரட்லி வெளிப்படையாகவே கூறினார்.

உடப்பு மாணவன் அதனினும் கடுமையாகப் பேசினான். ஆடாதவனுக்குப் புள்ளி எதற்கு? களத்துக்கு வாராதவன் தோற்றவனே. தோழன் 1991ஆம் ஆண்டை எடுத்துக்காட்டினான். தென் கரோலைனாவின் கியாவா தீவில் அமெரிக்கா 14½–13½ என வென்றபோது, இறுதிக் குழியில் பேர்ண்ஹார்ட் லாங்கர் தவறவிட்ட அடியையே உலகம் நினைவிற் கொண்டது. ஆனால் அதே நாளில், மோட்டார் விபத்தில் அடிபட்டிருந்த அமெரிக்கர் ஸ்ரீவ் பேற் விலக, உறையிலிருந்த டேவிட் கில்போட்டின் பெயர் வெளிவந்தது. அவ்வாட்டம் கில்போட்டின் வெற்றியாகக் கணிக்கப்பட்டிருந்தால் முடிவு 14–14 ஆகியிருக்கும். கிண்ணம் ஐரோப்பாவிடமே தங்கியிருக்கும். “இதைத்தான் நானும் சொல்கிறேன், விதி அநீதியானது” என்றான் மாணவன். தோழன் மறுமொழி கூறவில்லை. வாதத்துக்கு வேண்டிய அளவைவிடக் குரல் உயர்ந்துவிட்டதை இருவரும் உணர்ந்தனர்.

ஒக்ரோபர் இறுதியில் மாணவன் ஊருக்குச் சென்றான். தென்மேற்குக் காற்று ஓய்ந்து, கரைவலைக் காலம் தொடங்கியிருந்தது. சில கரைகளில் கயிறிழுக்க உழவு இயந்திரங்கள் வந்துவிட்டன. அன்று அவன் சென்ற கரையில் கைகளே இழுத்தன. தோணி வலையை வளைத்து விட்டு வந்தது. இரு கயிறுகளிலும் ஆட்கள் நின்றனர். அவனுடைய தந்தை கயிற்றில் நிற்கவில்லை. தோள்மூட்டு நோவு கண்டு இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. இழுபட்டுக் கரைசேரும் கயிற்றை ஒற்றைக் கையால் வளையமாகச் சுருட்டியபடி, அம்பாவின் முதலடியை அவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர் வாங்கிப் பாடினர். மடி கரையேறியபோது வெயில் ஏறியிருந்தது. சூடையும் கீரியும் நெத்தலியுமாக நடுத்தரமான பாடு.

மீன் விற்றுப் பங்கு பிரிக்கையில் தந்தை கையை நீட்டவில்லை. இழுக்காத கைக்குப் பங்கு வேண்டாம் என்றார். சம்மாட்டியார் பணத்தை அவருடைய சட்டைப்பையில் வைத்தார்.

“இழுத்த கைக்குத்தான் பங்கென்றால், நோவு கண்டவன் நாளைக்குக் கரைக்கே வரமாட்டான் அண்ணே. வலைக்கு வந்தவருக்குப் பங்கு.”

கயிற்றில் நின்றோருள் எவரும் முகம் சுளிக்கவில்லை. அப்பணத்தைக் கொண்டு மாலையில் தந்தை மகனுக்குப் பேருந்துக் கட்டணம் கொடுத்தார்.

விடுதியில் குரல் உயர்ந்ததன் காரணம் அன்றிரவு அவனுக்கு விளங்கியது. அவன் பல்கலைக்கழகம் புகுந்தது கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீட்டின் வழியே. புத்தளம் அம்மாவட்டங்களுள் ஒன்று. முதலாண்டில் உணவுச்சாலையில் யாரோ ஒருவர் குறைந்த வெட்டுப்புள்ளியைப் பற்றிச் சொன்ன நகைச்சொல் அவன் நெஞ்சில் முள்ளாகத் தங்கியிருந்தது. ஆடாதவனுக்குக் கிடைத்த அரைப் புள்ளியை அவன் வெறுத்தது, தன் இடமும் அத்தகையதே என்னும் அச்சத்தினால்தான்.

ஆனால் அவ்விதி கூறுவதுதான் என்ன? காயமுற்றவர் வென்றிருப்பார் என்று அது கூறவில்லை. தோற்றிருப்பார் என்றும் கூறவில்லை. நடவாத ஆட்டத்துக்கு முடிவு சொல்ல மறுக்கிறது, அவ்வளவே. ஆய்வுகூடமும் ஆசிரியரும் நிறைந்த நகரப் பாடசாலை மாணவனும், அவை இரண்டுமே அரிதான கரையோரப் பாடசாலை மாணவனும் ஒரே திடலில் ஆடவில்லை. நடவாத அவ்வாட்டத்தின் முடிவை எந்தப் புள்ளிப்பட்டியலும் அறியாது. இவ்வெண்ணம் அவனுக்கு ஆறுதல் தந்தது.

ஆறுதலோடு நின்றுவிட முடியவில்லை. உறையில் எப்போதும் மற்றொரு பெயர் இருக்கிறது. உடல்நலத்தோடு, ஆடத் தயாராக நின்ற கில்போட் ஒதுங்க வேண்டியிருந்தது. இங்கிலிஷ் ஒதுங்க வேண்டியிருந்தது. 1993இல் அமெரிக்கரான லனி வோட்கின்ஸ் தம் பெயரை உறையிலிடுமாறு தலைவர் ரொம் வொட்சனிடம் தாமே கேட்டுக்கொண்டார், அத்தகையோர் அரியர். தன்னைவிடக் கூடிய புள்ளி பெற்றும் வேறு மாவட்டத்திற் பிறந்தமையால் இடம் கிடைக்காத ஒருவன் எங்கோ இருப்பான். அவன் பெயரை உறையிலிடுமுன் எவரும் அவனைக் கேட்கவில்லை. தன் அரைப் புள்ளிக்காக நாணத் தேவையில்லை. அந்தப் பெயரறியா மாணவனை மறக்கவும் உரிமையில்லை. இதற்கிடையிற்றான் தான் கற்க வேண்டும் என்று அவன் உணர்ந்தான்.

பேராதனைக்குத் திரும்பிய இரவில் தோழனிடம் இவையனைத்தையும் சொன்னான். தானும் அதே ஒதுக்கீட்டில் வந்தவனே எனத் தோழன் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, 1958இல் சென் அன்ட்றூஸில் முதன்முதலாக நடந்த ஐசன்ஹவர் கிண்ணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினான். உலக நாடுகளின் தொழில்முறை சாரா வீரருக்கான அப்போட்டியில் அன்று அணிக்கு நால்வர் ஆடினர். நாள்தோறும் சிறந்த மூவரின் கணக்கே சேர்ந்தது. 29 அணிகள் வந்தன. அமெரிக்காவுடன் சமநிலையில் நின்று, மேலதிக ஆட்டத்தில் அவுஸ்திரேலியா வென்றது. ஒவ்வொரு நாளும் நால்வருள் ஒருவரின் உழைப்பு கணக்கிற் சேராது விடப்பட்டது. இன்று விடப்பட்டவரின் கணக்கு நாளை அணியைக் காக்கலாம். ஆதலால் நால்வரும் இறுதிக் குழிவரை ஆடியே தீர வேண்டியிருந்தது.

தன் கணக்கு சேருமா, விடப்படுமா என்பதை எந்த ஆட்டக்காரரும் முன்கூட்டி அறிவதில்லை. கரைவலைக் கயிற்றிலும் அப்படியே: எந்தக் கையின் இழுப்பில் மடி அசைந்தது என்று சொல்ல வல்லவர் எவருமில்லை. மறுநாட் காலை விரிவுரைக்கு அவ்விருவரும் சற்று முன்னதாகவே சென்றனர்.